கேனில் ஓடிய ஆறு

மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் அவரைப் பாட்டில்காரர் என்பார்கள். மாதம் ஒரு முறை, சாய ஆலைக் கழிவு கலக்கும் இடத்தில் ஆற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துத் தலைமை ஆய்வகத்துக்கு அனுப்புவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாகத் தவறாமல் அனுப்புகிறார். ஒரு நாளும் செருப்பு நனைந்ததில்லை. அலுவலகக் குடிநீர் கேனிலிருந்து பாட்டிலில் பிடித்து, மூடி, 'ஆறு' என்று எழுதி ஒட்டிவிடுவார். சேர்ந்த புதிதில் மேலதிகாரி சொல்லிக்கொடுத்த முறை அது. ஆறு எந்த நிறத்தில் ஓடினாலும் முடிவு நல்லபடியாக வந்துவிடும். கரையோரத்து ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மனு கொடுக்க வந்தால், அந்தத் தாளைக் காட்டி அனுப்பிவிடலாம். ஆலைக்காரர்களும் நன்றி மறந்தவர்கள் இல்லை. தங்கள் வளாகத்திலேயே போர்வெல் போட்டு, அந்தத் தண்ணீரைக் கேனில் நிரப்பி, அலுவலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார்கள்.

போன மாதம் ஆய்வகம், 'ஈயம் அதிகம், குடிக்கக் கூடாது' என்று எழுதிவிட்டது.

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரைக் கேட்டுய்யா ஆத்துக்குப் போனீங்க?"

"சத்தியமா போகல சார். எப்பவும் போல நம்ம கேன்லதான் பிடிச்சேன்."

அதிகாரி வாயருகே கொண்டுபோன டம்ளரை மேசையில் வைத்தார். அரை மணி நேரத்தில் அந்தக் கேன் வெளியேறி, வேறு கம்பெனித் தண்ணீர் வந்தது. புதுக் கேனில் பிடித்த 'ஆறு' அன்றைக்கே ஆய்வகத்துக்குப் புறப்பட்டது.

கெட்ட தண்ணீர்மீது அந்த அலுவலகம் இருபத்திரண்டு வருடத்தில் எடுத்த முதல் நடவடிக்கை அதுதான்.