மூன்று கோல் வேண்டாம்

பலெர்மோவில் நான் நான்காம் வகுப்புப் படித்தபோது அம்மா ஒரு சிஞ்ஞோரா வீட்டில் வேலை செய்தார். வீட்டுக்கார அம்மாவை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். பள்ளி விட்டதும் நான் அந்த வீட்டுக்குப் போய், அம்மா இஸ்திரிப்பெட்டியால் உடுப்பு மினுக்கி முடிக்கும்வரை குசினி மூலையில் இருந்து வீட்டுப்பாடம் செய்வேன். அங்கே அம்மாவின் வாயிலிருந்து நான் கேட்ட சொல் ஒன்றுதான்: ‘ஸி’. ஆம் என்று அர்த்தம். யன்னலைத் துடை என்றாலும் ஸி. ஞாயிற்றுக்கிழமையும் வா என்றாலும் ஸி.

சிஞ்ஞோராவின் மகன், வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் கொலேஜ்ஜோவின் கால்பந்து அணித் தலைவன். நாங்கள் பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த மாதா கோயில் அணி. சைவப் பிள்ளைகளும் கிறிஸ்தவரான வேதப் பிள்ளைகளும் கலந்து, எல்லோரும் தமிழர். கோடை விடுமுறைக்கு முன் கோயில் முற்றத்தில் இரண்டு அணிக்கும் ஒரு போட்டி நடக்கும். போன வருஷம் எங்களுக்கு விழுந்த கோல்களை எண்ணக் கைவிரல் போதவில்லை.

அவர்கள் ஓடுவதே இல்லை. பந்துதான் ஓடும். ஒருவன் காலிலிருந்து அடுத்தவன் காலுக்கு, அங்கிருந்து இன்னொருவன் காலுக்கு. நாங்கள் அத்தனை பேரும் அதன் பின்னால், தீன் கண்ட கோழிகள் மாதிரி.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு அவன் தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் வந்தான். கெட்டவன் இல்லை. அன்பாகத்தான் சொன்னான்: “இந்த முறை உங்களுக்கு மூன்று கோல் முதலிலேயே தந்துவிடுகிறோம். அப்போதுதான் விளையாட்டு நன்றாக இருக்கும்.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மினுக்கும் மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“நோ, கிராத்சியே.”

வேண்டாம், நன்றி. அம்மா தலையை நிமிர்த்தவில்லை. அவன் குளிர்பெட்டி வாய் திறந்து பேசியதைக் கேட்டவன் போல அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சனிக்கிழமை பின்னேரம் அணி முழுவதும் எங்கள் வீட்டில் கூடியது. மாமா, அம்மாவின் தம்பி, ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுபவர். அந்தக் கிழமை கொலேஜ்ஜோ மதிலால் எட்டிப் பார்த்து, எதிரியின் ஆட்டத்தை முழுவதும் படித்துக்கொண்டு வந்திருந்தார். மேசையில் தக்காளிகளை அவர்களாகவும் உள்ளிகளை எங்களாகவும் பரப்பினார்.

“இவன் இஞ்சை குடுப்பான். அவன் அங்கை குடுப்பான். நீங்கள் அங்கை ஓடிப்போக, பந்து இஞ்சை வந்திடும்.”

“அப்ப நாங்கள் எப்ப மாமா பந்தைத் தொடுறது?” என்று கேட்டான் கோல் காக்கும் பெரியம்மா மகன்.

“கோல் விழுந்தாப் பிறகு. நடுவிலை வைச்சுத் துவங்கேக்கை.”

யாரும் சிரிக்கவில்லை. மாமா அம்மாவின் பக்கம் திரும்பினார். “மூண்டு கோல் சும்மா தந்தவங்கள். ஏனக்கா வேண்டாமெண்டனீங்கள்? நாளைக்கு இந்தப் பிள்ளையள் தலை நிமிர்த்தி நடக்கிறேல்லையோ?”

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். மாமாவிடம் அதைச் சொல்லியிருந்தது நான்தான். அம்மா வெங்காயத்தை வெட்டிக்கொண்டே சொன்னார்: “பந்துக்குப் பின்னாலை ஏன் ஓடுவான்? எப்பிடியும் அது கோலடிக்குத்தானே வரவேணும். வழியிலை நிண்டு மறிக்கட்டும்.”

“நிண்டு மறிக்க இதென்ன கிளித்தட்டே?”

நக்கலாகக் கேட்ட மாமாவின் வாய் அப்படியே திறந்தபடி இருந்தது. பிறகு உள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையில் வைக்கத் தொடங்கினார்.

கிளித்தட்டு தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். தரையில் குறுக்குக் கோடுகள் கீறி, கோட்டுக்கு ஒருவர் நின்று, எதிராளியைத் தாண்டவிடாமல் மறிக்க வேண்டும். கோட்டை விட்டு இறங்கக் கூடாது. கிளி என்ற ஒருவர் மட்டும் நெடுக்காகப் போகும் நடுக்கோட்டில் மேலும் கீழும் ஓடலாம்.

சந்தை கலைந்த ஒழுங்கைத் தெருவில், மீன்தண்ணீர் காயாத கற்களின்மேல் மாமா சோக்கட்டியால் கோடு கீறினார். அம்மாவும் அப்பாவும் பெரியம்மாவும் கொலேஜ்ஜோ ஆனார்கள். அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பந்தை உதைத்தார். நான் கிளி.

“டேய், கோட்டை விட்டு இறங்காதை. காலைக் கட்டிப்போடுவன்,” என்று மாமா ஒவ்வொருவராகப் பிடித்துத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார். கடைசியில் பெரியம்மா களைத்துப்போய்ப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு, “எங்காலை விடுறது, வழியே இல்லை,” என்றார். மாமா கைதட்டினார்.

மறுநாள் அவர்கள் பந்தைக் கைமாற்றினார்கள். நாங்கள் நின்றோம். இங்கே கொடுத்தார்கள், அங்கே கொடுத்தார்கள், திரும்ப இங்கே கொடுத்தார்கள். நாங்கள் நின்றோம். மதிலில் இருந்து பார்த்த மீன்காரர் ஒருவர், “இவர்களென்ன, பெருநாளுக்கு வைத்த புனிதர் சுரூபங்களா?” என்று கத்தினார். முற்றம் சிரித்தது. பெரியம்மா மகன் கோலடியில் இருந்து, “இறங்காதை, இறங்காதை,” என்று தொண்டை கட்டும்வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

நேரம் போகப் போக அவர்களின் பந்து பக்கவாட்டில் போனது, பின்னால் போனது, முன்னால் வரவே இல்லை. சிரிப்பும் நின்றுவிட்டது. முடிய இருந்த நேரம் சிஞ்ஞோரா மகனுக்குப் பொறுமை போயிற்று. பந்தை யாருக்கும் கொடுக்காமல் தானே கொண்டு வந்தான். நடுக்கோட்டில் நான் நின்றேன். காலை நீட்டினேன். பந்து என்னிடம் இருந்தது.

எனக்கு முன்னால் வெறும் முற்றம். கோல் காப்பவனைத் தவிர அவர்கள் எல்லோரும் எங்கள் பக்கம் நின்றார்கள். ஓடினேன், கோலடிக்காரன் விழுந்த பக்கத்துக்கு மற்றப் பக்கம் தள்ளிவிட்டேன். ஒன்றுக்குப் பூச்சியம். மாமா வேலைக்குப் போட்டிருந்த ஏப்ரனைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடினார். மீன்காரரும் அவருக்குப் பின்னால் ஓடினார்.

திங்கட்கிழமை குசினியில் அம்மா அவனுடைய சட்டையை மினுக்கிக்கொண்டிருந்தார். அவன் வந்து எனக்குக் கை கொடுத்தான். பிறகு மேசைக்கு முன்னால் போய் நின்று அம்மாவிடம் கேட்டான்: “அடுத்த வருஷம் எங்களுக்கு மூன்று கோல் தருவீர்களா?”

அம்மா நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். “ஸி,” என்றார்.

எனக்கு ஆத்திரம். வீட்டுக்குப் போகும் வழி முழுக்கக் கேட்டேன். “ஏனம்மா ஓமெண்டனீங்கள்?”

“நாங்கள் குடுத்தா என்ன, குறைஞ்சே போயிடுவம்?” என்றார். சந்தைக்குள் என் கையை வீசி வீசி நடந்தார்.

வேண்டாம் என்றதும் அம்மாதான், தருகிறேன் என்றதும் அம்மாதான். நான் எப்படிக் கூட்டிக் கழித்துப் பார்த்தும் இரண்டும் ஒன்றாகவே வந்தது: இரண்டு முறையும் எங்களுக்கு மூன்று கோல் நட்டம்.