சந்தனம் பூசிய ரேடான் டப்பா

அறிவியலுக்கு நான் செய்த ஒரே தொண்டு, அதன் முகத்தில் சந்தனம் அப்பியதுதான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு அறிவியல் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அன்னவாசலில் எங்கள் வீட்டுக்கு இரண்டே அறைகள். முன்னறை ஓடு போட்டது. பின்னறை முழுக்கக் கல். சுவரும் கல், கூரையும் கல் பலகை, தரையோ கொத்திச் சமன் செய்த பாறை. ஜன்னல் கிடையாது. இடி விழுந்தாலும் அசையாது என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார். எந்த இடியும் சோதித்துப் பார்க்க முன்வரவில்லை. தை பிறந்ததும் அக்காவைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவந்து, அந்த அறையில்தான் படுக்கவைப்பது என்று ஏற்பாடு.

புரட்டாசியில் திருச்சிக் கல்லூரியிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். கல் வீடுகளை ஆராய்ச்சி செய்கிறாராம். பின்னறையைப் பார்த்ததும் அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை அப்பா பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

"கல்லுக்குள்ள கொஞ்சூண்டு யுரேனியம் இருக்குங்க," என்றார் டீச்சர். "அது செதைஞ்சு செதைஞ்சு ரேடான்னு ஒரு வாயு வரும். நெறமும் இல்ல, வாசனையும் இல்ல. வெளியில வந்தாக் காத்தோட போயிரும். இப்படி அடைச்ச ரூமுன்னா தங்கிரும். வருசக்கணக்கா மூச்சுல போனா நுரையீரலுக்கு ஆகாது."

"கல்லு மூச்சு விடுதுங்கிறீங்க," என்றார் அப்பா, சிரிக்காமல் இருக்க முயன்றபடி.

"அப்படியே வச்சுக்கங்களேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "புள்ளத்தாச்சி படுக்கப் போற எடமுங்க."

"பயப்படாதீங்க. அளந்து பாத்துட்டாத் தெரிஞ்சுரும்."

டம்ளர் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கூரைக் கொக்கியில் தலைகீழாகத் தொங்கவிட்டார். வாயில் ஒரு தாள் ஒட்டியிருந்தது; வாயு அதன் வழியாகத்தான் நுழையுமாம். உள்ளே நகம் அளவுக்கு ஒரு பிலிம். அணு உடைந்து தெறிக்கும் துகள் பட்டால் பிலிமில் ஒரு தடம் விழும். மூன்று மாதம் யாரும் தொடக்கூடாது. "நீதான் வாட்ச்மேன்," என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

எனக்கு அன்றிலிருந்து அதே நினைப்பு. மனிதர்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே சும்மா கிடப்பதாக நான் நினைத்திருந்த பாறை, என் காலடியிலேயே ஓயாமல் எதையோ எறிந்துகொண்டிருக்கிறது! சுவரில் காதை வைத்துக் கேட்பேன். ஒன்றும் கேட்காது. கேட்காதது இன்னும் பிரமிப்பாக இருந்தது.

பத்தாம் நாள் ஆயுத பூஜை. அப்பாவின் சைக்கிள், அம்மாவின் அரிவாள்மணை, தையல் மிஷின், ரேடியோ எல்லாம் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தன. எனக்கு மனது கேட்கவில்லை. எங்கள் வீட்டில் லீவே இல்லாமல் இரவும் பகலும் வேலை பார்த்தது அம்மாவும் அந்த டப்பாவும்தான். அம்மாவுக்கே சந்தனம் வைத்தாயிற்று; டப்பாவை மட்டும் எப்படி விடுவது? கட்டில்மேல் ஸ்டூலைப் போட்டு ஏறி, அதன் வாய் முழுக்கக் குழையக் குழைய அப்பினேன். நடுவில் ஒரு பொட்டு. அந்த இருட்டில் யார் அண்ணாந்து பார்க்கப் போகிறார்கள்?

மார்கழிக் கடைசியில், டீச்சர் மறுநாள் வருகிறார் என்று தெரிந்ததும்தான் காய்ந்த சந்தனத்தைச் சுரண்டினேன். தாளில் கறை நின்றுவிட்டது. டீச்சர் அதைப் புகை படிந்தது என்று நினைத்து எடுத்துப் போனார்.

நாலைந்து நாளில், முடிவைப் பார்க்க அப்பா என்னையும் கல்லூரிக்குக் கூட்டிப்போனார். தடம் தெரிவதற்காகக் காரக் கரைசலில் ஊறவைத்த பிலிமை மைக்ராஸ்கோப்பில் வைத்து, டீச்சர் முதலில் வேறொரு வீட்டினுடையதைக் காட்டினார். புழுதித் தெருவில் முதல் மழைத்துளிகள் விழுந்த மாதிரி குழி குழியாகத் தடங்கள். ஒவ்வொரு குழியும் ஒரு அணு உடைந்த இடம். கண்ணை எடுக்க முடியவில்லை. பிறகு எங்கள் வீட்டுப் பிலிம். இங்கொன்றும் அங்கொன்றும்தான்.

"கல் ரூமுல இவ்வளவு கொறச்சலா நான் பாத்ததே இல்லீங்க."

"நம்ம கல்லு அப்படி," என்றார் அப்பா, அந்தப் பாறையைத் தானே பெற்றதுபோல. "அப்ப பெரியவ தாராளமாப் படுக்கலாம்."

அக்காவும், இன்னும் முகம் தெரியாத ஒரு பிள்ளையும் அந்த அறையில் மூச்சுவிடுவது கண்ணில் தெரிந்தது.

"நான் அதுக்குச் சந்தனம் பூசிட்டேன்," என்றேன்.

"எதுக்குடி?" என்றார் அப்பா.

"டப்பாவுக்கு. ஆயுத பூஜைக்கு. வாய் பூரா."

டீச்சர் சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் விரல்விட்டு எண்ணினார். "டப்பா மாட்டுனதுல இருந்து பூஜை வரைக்கும் பத்து நாளு. அதுக்கப்புறம் பேப்பர் அடைச்சுக்கிருச்சுன்னா..." நிறுத்திவிட்டு மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். "மூணு மாசத்துக்கு இது ரொம்பக் கம்மிங்க. பத்தே நாளைக்குன்னா ஜாஸ்தி. உறுதியாச் சொல்ல முடியாது. இன்னொரு டப்பா மாட்டி மூணு மாசம் பாக்கணும்."

"பெரியவ அடுத்த வாரம் வர்றாளேங்க," என்றார் அப்பா.

பஸ்ஸில் அடி விழும் என்று முதுகைத் தயாராக வைத்திருந்தேன். இலுப்பூர் தாண்டியதும் மெல்லக் கேட்டார்: "அந்தக் குழியெல்லாம் நம்ம கல்லு போட்டதா ஆத்தா?"

"ஆமாப்பா."

"சத்தமே இல்லாம..." என்றார். அவ்வளவுதான்.

மறுநாளே சுவரை உடைத்து ஜன்னல் வைக்கக் கல்தச்சரைத் தேடிப் போனார். பொங்கல் வேலை, கோயில் வேலை என்று மாசியில்தான் வரமுடியும் என்றார்கள். அக்கா வந்தாள். அவளுக்கு முன்னறையில் படுக்கை. அவளுக்குத் துணை என்று என்னையும் அங்கேயே படுக்கச் சொன்னார்கள். அக்காவுக்கே காவல் என்று ஒரு வாரம் தலைகால் புரியாமல் திரிந்தேன். அப்பா தன் பாயைச் சுருட்டிக்கொண்டு கல் அறைக்குள் போனார். "உள்ளதான் சில்லுன்னு இருக்கு," என்றார். தைப் பனியில் நாங்கள் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் அம்மாவின் தலையணையும் உள்ளே போனது.

அம்மாவுக்கும் புழுக்கமாக இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.