அழிக்கட்டுமா என்று கேட்ட இயந்திரம்

கல்லூரியின் யூனிக்ஸ் லேபுக்குள் முதல் நாள் நுழைந்ததும் வெளியே ஓடிவிட்டேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே ஓடிப்போய்விட்டுத் திரும்பி வந்துதான் உட்கார்ந்தேன். செருப்பை வாசலில் விட்டுவிட வேண்டும். உள்ளே ஏசி. வெயில் படக்கூடாது என்று ஜன்னல் கண்ணாடி முழுக்கக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். வெளியே கல்வராயன் மலை அவ்வளவு பெரிதாக நின்றுகொண்டிருக்கும், உள்ளே இருப்பவர்களுக்கு அது தெரியாது. வெறுங்காலோடு, குளிரில், கறுப்புத் திரையில் பச்சை எழுத்து துடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

பக்கத்து அறைக் கம்ப்யூட்டர்கள் எனக்குப் பயமில்லை. அவை அடம்பிடித்தால் அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். யூனிக்ஸ் லேப் அப்படியில்லை. கண்ணாடித் தடுப்புக்குள் ஒரே ஒரு சர்வர் இருந்தது. எங்கள் முன்னால் இருந்ததெல்லாம் டெர்மினல், அதாவது வெறும் திரையும் கீபோர்டும். வகுப்பு முழுவதும் அந்த ஒரே இயந்திரத்துக்குள்தான் குடியிருந்தது. எல்லாருடைய ஃபைலும் அதன் ஒரே டிஸ்க்கில்தான். "நீங்க பண்ற தப்பு உங்களோட நிக்காது, எல்லாரையும் இழுத்துக்கினு போவும்" என்று லேப் மேடம் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார். அவர் இயல்பாகத்தான் சொன்னார். நான் அன்று முதல் ஒவ்வொரு எண்டர் கீயையும் கண்ணை மூடிக்கொண்டுதான் அழுத்தினேன்.

பயப்பட எனக்கு வேறு காரணமும் இருந்தது. எங்கள் ஊர் வடக்கனந்தலுக்குப் பக்கம். அப்பா இருக்கிற கொஞ்ச நிலத்தைப் பார்த்துக்கொண்டு கூலிக்கும் போவார். என்னைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு பஸ் ஏறும்போது, "ஒரு பேப்பர் போச்சுன்னாலும் படிப்பு போதும். அப்புறம் என்னெ கொற சொல்லாத" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எங்கள் சொந்தத்தில் ஒருவன் அரியர் எழுதி எழுதியே வயதைத் தொலைத்ததை அவர் பார்த்திருந்தார். அப்பா சொன்னால் சொன்னதுதான். ஒரு அரியர் வந்தால் நான் வீட்டுக்குப் போய்விட வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

அதனால் நான் பாடத்தைப் புரிந்துகொள்ளவில்லை, மனப்பாடம் செய்தேன். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவள். ஆங்கிலப் புத்தகத்தில் இருந்த சி நிரல்களை அரைப்புள்ளி உட்பட ஒப்பித்தேன். ஃபோர்க் என்று ஒரு கட்டளை. அதைக் கூப்பிட்டால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தன்னைப் போலவே இன்னொன்றைப் பெற்றுப் போடும். முதலாவது தாய், இரண்டாவது பிள்ளை. ஒரு முறை கூப்பிட்டால் இரண்டு முறை பதில் வரும், தாய்க்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. எனக்கு இது பேய்க்கதை மாதிரி இருந்தது. பிள்ளை செத்ததைத் தாய் வந்து கேட்கும்வரை அது பாதி உயிராகத் திரியும் என்று படித்த அன்று, மேற்கொண்டு படிக்காமல் புத்தகத்தை மூடிவிட்டேன்.

எனக்குப் பக்கத்து டெர்மினல் கரியாலூர்க்காரி. மலையிலிருந்து வந்தவள், பயம் என்றால் கிலோ என்ன விலை என்பாள். எதைச் சொன்னாலும் "இன்னா ஆயிடும்? அடிச்சுப் பாத்துடலாம்" என்று தட்டிவிடுவாள். நாலு முறை தப்பு வரும், ஐந்தாவது முறை நான் மனப்பாடம் செய்ததைவிட நல்ல நிரல் அவளிடம் இருக்கும். எனக்கு அவள்மேல் பொறாமை. அவள் பக்கத்தில் இல்லாவிட்டால் லேபில் உட்காரவும் முடியாது.

அந்தப் பருவத்துக்கு எங்களுக்குக் கொடுத்த வேலை, ஒரு சின்ன ஷெல் எழுதுவது. அதாவது, நாம் தட்டும் கட்டளையைப் படித்து, அதை நடத்த ஒரு பிள்ளையைப் பெற்று, அது முடியும்வரை காத்திருக்கிற நிரல். அதை ஓட்டிக் காட்டாதவர்களுக்கு லேப் பேப்பர் போய்விடும். இந்த முறை மனப்பாடம் உதவவில்லை, புத்தகத்தில் அது முழுதாக இல்லை. வேறு வழியில்லாமல் நானே யோசித்து எழுதினேன். ஒரு வரி எழுதுவேன், ஓடுகிறதா என்று பார்ப்பேன், சேமிப்பேன், மறுபடி பயப்படுவேன். வாரக்கணக்கில் இப்படியே போய், விடுமுறைக்கு முந்தின நாள் மதியம் அது ஓடியது. காதில் ரத்தம் ஏறுகிற மாதிரி சந்தோஷம். லேபுக்குள் ஃபிளாப்பி கொண்டுபோகக் கூடாது என்பதால் அதற்கு வேறு பிரதி கிடையாது. விடுமுறை முடிந்து வந்ததும் ஓட்டிக் காட்ட வேண்டும். அந்த விடுமுறைதான் ஆயுத பூஜை.

எங்கள் கல்லூரியில் விடுமுறைக்கு முந்தின நாளே பூஜை போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு டெர்மினலுக்கும் சந்தனம், குங்குமம். சர்வருக்கு மாலையும் எலுமிச்சம்பழமும். பூஜையில் வைத்த ஆயுதத்தை எடுத்து வேலை செய்யக்கூடாது அல்லவா, அதனால் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். லேப் மேடத்துக்கு நைனார்பாளையம். எங்களைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வீட்டில் பூஜை என்று மதியமே கிளம்பினார். போகும்போது என்னைக் கூப்பிட்டார்.

"உங்க வூட்ல பூஜை கெடையாதுல்ல? மத்தவங்க எல்லாம் தோரணம் கட்டப் போயிருக்காங்க. நீ சர்வர ஷட்டவுன் பண்ணிடு. பவர் ஆஃப் பண்ணலாம்னு அதுவே ஒரு லைன் போடும். அது வர்ற வரைக்கும் யாரையும் சுவிட்ச்சத் தொட வுடாத" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி ரூட் பாஸ்வேர்டைச் சொன்னார். ரூட் என்றால் அந்த இயந்திரத்துக்கு எஜமான். அதை மாணவர்களுக்குச் சொல்லக்கூடாது.

எங்கள் வீடு சர்ச்சுக்குப் போகிற வீடு. அதுதான் நான் ஓய்வாக இருப்பேன் என்று மேடம் நினைக்கக் காரணம். அதுவேதான் பிறகு என் வாயையும் கட்டியது.

கட்டளையைத் தட்டினேன். சர்வர் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தது. அது மெதுவான இயந்திரம், அதற்கென்று ஒரு நிதானம் உண்டு. அதற்குள் ஆபீஸ் மேனேஜர் தாம்பாளத்தோடு வந்துவிட்டார். பின்னால் பொரி, கடலை, பூசணிக்காயோடு பாதிக் கல்லூரி. ராகு காலம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று ஐயர் அவசரப்படுத்தினார். கற்பூரம் ஏற்றியாகிவிட்டது.

"இன்னாம்மா, இன்னும் ஓடிக்கினு இருக்குது?"

"சார், கொஞ்சம் இருங்க சார். அது தானா..."

"சாமி கும்புடற நேரத்துல மிஷின் ஓடக்கூடாதும்மா" என்றார் மேனேஜர். அவர் நல்ல மனிதர், அதட்டவில்லை. எனக்கு அப்போது ஒன்றுதான் தோன்றியது: சாமி கும்பிடாத பெண் ஒருத்தி சாமியை நிறுத்தி வைக்கிறாள் என்று யாராவது நினைத்துவிட்டால்? நான் ஓரமாக ஒதுங்கி நின்றேன். அவர் எட்டி யூபிஎஸ் சுவிட்ச்சை அணைத்தார். அந்த வரி வரவில்லை. திரை இருண்டது. மணி அடித்தார்கள்.

அந்த விடுமுறையில் நான் சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. "இன்னாத்துக்கு இப்பிடி பேயறைஞ்ச மாதிரி இருக்கற?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முழங்காலிட்டேன். கர்த்தரிடம் எதைச் சொல்லிக் கேட்பது? டிஸ்க்கில் பாதி எழுதப்பட்டவற்றைக் காப்பாற்றும் என்றா? அவருக்கு எல்லா மொழியும் தெரியும் என்ற நம்பிக்கையில் வெறுமனே அழுதேன். பக்கத்தில் இருந்த ஒரு அக்கா என் பக்தியைப் பார்த்து நெகிழ்ந்துபோனாள்.

கல்லூரி திறந்த அன்று முதல் பஸ்ஸில் போய் லேப் வாசலில் நின்றேன். மேடம் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் வாடிய மாலையை எடுத்துவிட்டு சர்வரைப் போட்டார். அது பாதி வழியில் நின்றுகொண்டது. டிஸ்க் கெட்டிருக்கிறது, சரிபார்க்கும் நிரலை ஓட்டு என்றது.

"இத நான் ஓட்டினதே இல்ல" என்றார் மேடம். நான் அன்றுவரை கேட்டதிலேயே பயங்கரமான வாக்கியம் அதுதான்.

கையேட்டை விரித்து வைத்துக்கொண்டு ஓட்டினார். அது கேள்வி கேட்க ஆரம்பித்தது. இந்த ஃபைல் சரியில்லை, அழிக்கட்டுமா? ஆமாம் என்றால் ஒய், இல்லை என்றால் என். முதலில் வந்தவை யாருக்கும் சொந்தமில்லாத குப்பை. ஒய், ஒய், ஒய். பிறகு ஒரு கேள்வியில் என் பெயர் வந்தது. அடுத்ததில் கரியாலூர்க்காரியின் பெயர்.

மேடம் கையேட்டைப் படித்தார், மறுபடி படித்தார். "ரெண்டு பேரும் பூஜை அன்னிக்கு மதியம் அடுத்தடுத்து சேவ் பண்ணியிருக்கீங்க. டிஸ்க்ல ஒரே எடத்த ரெண்டு ஃபைலும் என்னுதுங்குது. ஒண்ண அழிச்சாத்தான் இன்னொண்ணு நிக்கும்."

"எது மேடம் சரியானது?"

"அது தெரியாதே."

வெளியே செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. பசங்க வரத் தொடங்கிவிட்டார்கள். மேடம் கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீயே சொல்லு" என்றார்.

நான் என் ஃபைலுக்கு ஒய் அழுத்தினேன்.

தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் இல்லாத நேரத்தில் அவளுடையதை அழித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. அப்பாவின் முகத்தைப் பார்ப்பது அதைவிடச் சுலபம் என்று அந்தக் கணத்தில் தோன்றியது, அவ்வளவுதான்.

சர்வர் எழுந்துகொண்டது. எல்லாரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். என் இடத்தில் ஃபைல் இல்லை. தெரிந்ததுதான், ஆனாலும் திரும்பத் திரும்பத் தேடினேன். படிப்பு முடிந்தது, பெட்டியைக் கட்ட வேண்டும் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

பக்கத்தில் அவள் தன்னுடையதைத் திறந்தாள்.

"இன்னாடி இது? நடுவுல எதுவோ பூந்துக்கினு இருக்குது. என் எழுத்தே இல்ல. என்னுது கொஞ்சம் காணல."

எட்டிப் பார்த்தேன். அவள் நிரலின் நடுவே, ஒரு சொல்லின் பாதியில் தொடங்கி இன்னொரு சொல்லின் பாதியில் முடிகிற இருபது முப்பது வரி. பிள்ளையைப் பெற்று, அது முடியும்வரை தாய் காத்திருக்கிற பகுதி. ஒவ்வொரு வரியும் எந்த நாள், எந்தப் பயத்தில் எழுதியது என்று எனக்குத் தெரியும். அந்த இடம் உண்மையில் என்னுடையதாக இருந்திருக்கிறது. முழுதாக நின்றிருக்கக்கூடிய என் ஃபைலைத்தான் நான் என் கையாலேயே அழித்திருக்கிறேன்.

"குப்ப" என்று சொல்லிக்கொண்டே அவள் அந்த வரிகளை நீக்கப் போனாள்.

"அழிக்காத!"

லேப் முழுவதும் திரும்பிப் பார்த்தது. என்னிடமிருந்து அவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது.

"அது என்னுது" என்றேன். "எனக்கு மிச்சம் அது மட்டுந்தான்." பூஜை, சுவிட்ச், ஒய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"லூசு" என்றாள். "என்னுத அழிச்சிருந்தீன்னா நான் ரெண்டு நாள்ல எழுதியிருப்பேன். நீ எழுதுவியா?"

அவள் என் வரிகளை மட்டும் தனியே ஒரு ஃபைலில் எழுதி, நான் எடுத்துக்கொள்கிற இடத்தில் வைத்தாள். பிறகு தன் நிரலில் விழுந்த ஓட்டையை அடைக்கத் திரும்பிக்கொண்டாள்.

நான் அதைத் திறந்து, உடைந்த முதல் சொல்லுக்கு மேலே கர்சரைக் கொண்டுபோய் வைத்தேன். இதற்கு முன்னால் என்ன வந்தாக வேண்டும்? ஒப்பிக்க எதுவும் இல்லை. ஆனால் அந்த வரிகளுக்கு என்னென்ன தேவை என்று அவற்றைப் பார்த்தாலே தெரிந்தது. பயம் போகவில்லை. ஒவ்வொரு வரிக்கும் சேமித்துச் சேமித்துத்தான் தட்டினேன், அன்றும் அதற்கடுத்த நாட்களிலும். ஓட்டிக் காட்டிய அன்று, மேடம் ஒரு வரியில் விரலை வைத்து "இது எதுக்கு?" என்றார். சொன்னேன். அடுத்த வரிக்குக் கேட்டார். அதற்கும் சொன்னேன்.

பருவத் தேர்வு முடிவு வந்தபோது வீட்டில் இருந்தேன். அப்பா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் பாஸாம்மா?"

"பாஸுப்பா. எல்லாமே."

"அப்புறம் ஏன் அழுவுற?"

துண்டை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கிக் காலைத் துடைத்துக்கொண்டே, "காலேஜ் மறுபடி எப்ப தொறக்குது?" என்று கேட்டார்.