மஞ்சள் பொட்டு வைத்த வெள்ளைக்காரர்கள்

கதவைத் திறக்கும் முன் கோதண்டபாணி இரண்டு முறை தொண்டையைச் செருமுவார். உள்ளே கூண்டுகளில் சலசலப்பு அடங்கியதும்தான் தாழ்ப்பாளில் கை வைப்பார். "சொல்லாம கொள்ளாம உள்ள பூந்தா நமக்கே பக்குனு ஆவாதா?" என்பது அவர் நியாயம்.

தரமணியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளுக்குத் தீனி போட்டு, தண்ணீர் வைத்து, கூண்டு கழுவுவது அவர் வேலை. ஆனால் எலி என்ற சொல் அவர் வாயில் வராது. "வெள்ளைக்காரங்க" என்பார். பால் போன்ற உடம்பும் சிவந்த கண்ணுமாக இருப்பவற்றுக்கு அதுதான் மரியாதையான பெயர் என்று அவருக்கு எண்ணம்.

அவர் சட்டையிலிருந்து அந்த வாசனை போகாது. மாலையில் ஆதம்பாக்கத்துக்குப் பேருந்து ஏறினால் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். "மினிஸ்டர் மாதிரி வரேன். காத்து, ஜன்னலு, எல்லாம் எனக்குத்தான்" என்று சிரிப்பார். நெற்றியில் காசு அகலத்துக்குக் குங்குமம் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

வீட்டில் ஒரு நாள் மனைவி சுந்தரவல்லி வைத்த பொறியில் சாம்பல் நிற எலி ஒன்று மாட்டியது. அதை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "பாவம்டி. அங்க வெள்ளைக்காரனுங்களுக்கு கவர்மெண்ட் உத்தியோகம். இவன் வேலை கிடைக்காம தெருத்தெருவா சுத்திக்கினு கீறான்."

"இந்தாய்யா, அவனுக்கு அப்புறம் சிபாரிசு பண்ணு. மொதல்ல கொண்டுபோய் வுட்டுட்டு வா" என்றாள் சுந்தரவல்லி.

அந்தக் கூடத்தில் அவருக்கு மிகவும் வேண்டியவள் நஸ்ருன்னிசா. சாந்தோமிலிருந்து வருகிறாள். டாக்டர் பட்டத்துக்காக எலிகளின் ஈரலில் ஒரு ஜீனைத் தேடிக்கொண்டிருந்தாள். அது என்னவென்று அவர் கேட்டபோது, தன் பின்னலில் இருந்த மல்லிகைச் சரத்தை முன்னால் இழுத்துக் காட்டினாள்.

"இந்த நுனி முடிச்சு இருக்குல்லண்ணே, அது அவுந்தா பூ எல்லாம் உதிர்ந்துடும். உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் நூல் இருக்கு. செல் ரெண்டாப் பிரியும்போதெல்லாம் நூலோட நுனி கொஞ்சம் தேயும், அதான் மூப்பு. டெலோமரேஸ்னு ஒண்ணு தேஞ்ச நுனியைத் திரும்பக் கட்டும். அதைச் செய்ய வைக்கிறதுதான் இந்த ஜீன். ஈரல்ல கட்டி வந்தா இது நிறுத்தாம கட்டிக்கிட்டே இருக்கும் போலிருக்கு. நல்ல எலியைவிட நோய் வந்த எலியில எவ்வளவு அதிகம்னு பாக்கணும்."

கோதண்டபாணி யோசித்தார். "வேலை செய்யலைன்னா மூப்பு. ஓவரா செஞ்சா நோவு. நம்ம ஆபீஸ் கதைதான் மேடம்."

நஸ்ருன்னிசாவின் எலிகள் கலந்தேதான் வாழ்ந்தன. ஒரே தீனி, ஒரே காற்று, ஒரே கூண்டு. நோயை வரவழைக்கும் ஊசி போட்டவற்றுக்கு மட்டும் தலையில் மஞ்சள் சாயத்தால் ஒரு பொட்டு. முடி உதிர உதிர அவளே புதுப்பித்து வருவாள். ஊசி போடாதவற்றுக்கு வெறும் நெற்றி. இரண்டையும் பிரித்துக் காட்ட அந்தப் பொட்டைத் தவிர வேறு அடையாளம் கிடையாது.

ஆயுத பூஜை வந்தது. விடுமுறையானாலும் தீனி போட வந்தாக வேண்டும். கோதண்டபாணி கூண்டுகளைக் கழுவித் துடைத்தார். தராசுக்கும் தண்ணீர்ப் புட்டிகளுக்கும் சந்தனம் வைத்தார். பொரியில் ஒரு பிடி வெள்ளைக்காரர்களுக்கும் போனது. அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது: பாதிப் பேருக்குப் பொட்டு இருக்கிறது, பாதிப் பேருக்கு இல்லை. நல்ல நாளில் வெறும் நெற்றியோடு நின்றவற்றைப் பார்க்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. மஞ்சளைக் குழைத்து அவற்றுக்கும் பொட்டு வைத்தார். அவை முகம் கழுவிக்கொள்கிற வேகத்துக்குப் பொழுது விடிந்தால் ஒன்றும் இருக்காது என்றுதான் நினைத்தார்.

பொழுது விடிந்தும் மஞ்சள் போகவில்லை. ஈரத்துணியால் துடைத்தார். இன்னும் கொஞ்சம் பரவியது. சாயம் எது, மஞ்சள் எது என்று அவருக்கே தெரியவில்லை.

விடுமுறை முடிந்து நஸ்ருன்னிசா வந்தபோது அவர் வாசலிலேயே நின்றிருந்தார். நெற்றியில் குங்குமம் இல்லை. சட்டை நுனியில் அதைத் துடைத்த கறை மட்டும் இருந்தது.

"என்னண்ணே, வீட்ல எல்லாரும் நல்லாயிருக்காங்கல்ல?"

"வூட்ல ஒண்ணும் இல்ல மேடம். உள்ள வந்து பாருங்க. நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

அவள் ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். எல்லாத் தலையும் ஒரே மஞ்சள். அவர்மேல் அவள் கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். "எது நோய் வந்தது, எது வராததுன்னு தெரியாம ஈரலை எடுத்து என்னண்ணே பண்றது? மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். மார்ச்சோட எனக்கு உதவித்தொகை நிக்குது. வீட்ல அதுவரைக்கும்தான் படிக்க விடுவோம்னு சொல்லியிருக்காங்க."

நான்தான் செய்தேன் என்று கூடத்தின் தலைவரிடம் எழுதிக் கொடுத்துவிடுவதாகக் கோதண்டபாணி சொன்னார். "எழுதிக் கொடுத்தா எலி பேசுமா?" என்று கேட்டுவிட்டு அவள் கை கழுவப் போனாள்.

தொட்டியருகே கூண்டு கழுவும் துணி சோப்பு கிடந்தது. அதைத் தேய்த்தாள். விரலில் ஒட்டியிருந்த மஞ்சள் செக்கச் செவேலென்று மாறியது. குழாயை மூடாமல் அப்படியே கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, இங்க வாங்க. சாயம் சோப்புக்கு மாறாது. மஞ்சள்தான் மாறும்."

அவர் எட்டிப் பார்த்தார். "ஆரத்தித் தண்ணி கலரு" என்றார்.

ஒவ்வோர் எலியையும் ஒரு துண்டில் சுற்றி அவர் பிடித்துக்கொண்டார். சோப்பு நீரில் நனைத்த பஞ்சால் அதன் தலையில் அவள் ஒற்றினாள். முதல் எலி மஞ்சளாகவே இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் மாறவில்லை. கோதண்டபாணி கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணைத் திறங்கண்ணே."

நான்காவது எலியின் நெற்றி சிவந்திருந்தது. அவள் கையில் இருந்த பஞ்சும் சிவப்பு.

அதன்பின் ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு என்று மாறி மாறி வந்தன. மதியம் சாப்பாட்டை இருவரும் மறந்தார்கள். எல்லாம் முடிந்து எண்ணிப் பார்த்தபோது, ஊசி போட்டவை எத்தனையோ மஞ்சள் பொட்டும் அத்தனையே இருந்தது. நஸ்ருன்னிசா முக்காலியில் உட்கார்ந்து, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "அடுத்த வருஷம் பொரி மட்டும் போடுங்கண்ணே, போதும்."

"பொரியும் உங்களைக் கேட்டுட்டுத்தான் மேடம்."

கடைசி எலி இன்னும் அவர் துண்டுக்குள் இருந்தது. சிவப்பைக் கழுவித் துடைத்ததில் அதன் தலை மறுபடி வெள்ளையாகி, நெற்றி வெறுமையாக இருந்தது. அவர் கட்டைவிரல் முழுக்கச் சோப்பும் மஞ்சளும் கலந்த சிவப்பு. விரல் தானாக அந்தச் சின்ன நெற்றிக்குப் பக்கத்தில் போனது. பாதியில் நின்றது. கோதண்டபாணி எலியைக் கூண்டில் இறக்கிவிட்டு, அந்த விரலைத் தன் நெற்றியில் அழுத்தி வைத்துக்கொண்டார்.