கிரேனில் தொங்கிய பால்சுறா

பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள். எனக்குப் பால் ஊறவில்லை. பிள்ளை ஓயாமல் அழுதது. வீட்டில் பால் பவுடர் தீர்ந்துவிட்டது. மெயின்லேண்ட் கப்பல் வர இன்னும் பத்து நாள். அறுபதுகளில் அந்தமான் ஹேடோவில் கப்பல் வந்தால்தான் எல்லாம்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்கா ராமநாதபுரம் கடற்கரைக்காரி. "பால்சுறா புட்டு தின்னுடி. மறுநாளே சொரக்கும்" என்றாள்.

பால்சுறா என்பது சின்னச் சுறா. கையில் தூக்கி வரலாம். அதை அக்கா சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் திருச்சிப் பக்கம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். சுறா என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிட்டார். பெரிதாக இருந்தால் பாலும் பெரிதாக வரும் என்பது அவர் கணக்கு.

ஞாயிறு காலை தெலுங்கு மீன்காரர் ஒருவரோடு படகில் போனார். ஆட்டுக்குடலைத் தூண்டிலில் மாட்டியிருக்கிறார்கள். ஒரு பெண் சுறா அகப்பட்டது. மீன்காரர் அதைத் தண்ணீரிலேயே மல்லாக்கப் புரட்டியதும் அசையாமல் கிடந்ததாம். அந்த நேரத்தில் வாலில் கயிறு போட்டு, கரைவரை இழுத்து வந்துவிட்டார்கள்.

கரையில் தூக்க முடியவில்லை. இவர் கைக்கிரேனில் மாட்டிவிட்டார்.

தீட்டு கழியாமல் வெளியே போகக்கூடாது. ஆனாலும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அக்காவோடு போனேன்.

இரண்டு ஆள் நீளம். முதுகில் மங்கலாகப் புலிக்கோடு. பல் ஒவ்வொன்றும் சேவல் கொண்டைபோல் ரம்பம் வைத்து இருந்தது. தலைகீழாகத் தொங்கியதில் இரைப்பை வாய்வழியே வெளியே வந்துவிட்டது. ஆமை ஓடு விழுந்தது. பறவை இறகு, தகர டப்பா, ஒரு ரப்பர் செருப்பு.

"ஜோடி இருக்கா பாருங்க பாய்" என்றார் இவர்.

கீழே இறக்கி வயிற்றைக் கிழித்தார்கள். உள்ளே முப்பதுக்கு மேல் குட்டிகள். கோடு பளிச்சென்று தெரிந்தது. இவர் குனிந்து சுறாவின் அடிவயிற்றைத் தடவிக்கொண்டே போனார்.

"கியா டூண்ட்தா ஹே? என்னா தேடுது?" என்றார் மீன்காரர்.

"மடி. இத்தனை குட்டி இருக்கு. பால் குடுக்கணும்ல?"

மீன்காரர் உட்கார்ந்துவிட்டார். சிரித்து முடிக்க நேரமாயிற்று. "அரே பாய், பச்சா எல்லாம் பல்லோட பொறக்கும். பொறந்ததும் பாகேகா, ஓடிடும். பக்கத்துல நின்னா அம்மாவே தின்னுடும்."

"பால்சுறான்னு சொன்னாங்களே."

"யாரு சொன்னா?"

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். "நான் மீனச் சொன்னேன். இவரு கப்பலக் கொண்டாந்திருக்காரு" என்றாள் அக்கா.

மீன்காரர் படகுக்குப் பூச எண்ணெய் காய்ச்சவென்று ஈரலை எடுத்துக்கொண்டார். எங்களுக்கு ஒரு கூடை கறி.

வேகவைத்ததும் மூத்திர நெடி. பெரிய சுறா கறியில் அப்படித்தான் இருக்குமாம். அக்கா மூன்று தண்ணீர் மாற்றினாள். மஞ்சள் போட்டாள். பூண்டு போட்டாள். நெடி போகவில்லை. அடுத்த வரிசையில் ஜன்னல் சாத்தினார்கள்.

இவர் தட்டில் புட்டை வைத்து என் முன்னால் தள்ளிவிட்டுக் குளிக்கப் போனார். நான் தட்டை ஒதுக்கி வைத்தேன். பிள்ளையை மார்பில் போட்டேன். அது விடாமல் சப்பியது. கொஞ்ச நேரத்தில் ரவிக்கை நனைந்தது. பிள்ளை குடித்தது. அழுகை நின்றது. தூங்கிவிட்டது.

புட்டு அப்படியே இருந்தது. பின்கதவைத் திறந்து நாய்க்குப் போட்டேன். நாய் மோந்து பார்த்து யோசித்துத்தான் தின்றது.

இவர் தலை துவட்டிக்கொண்டு வந்தார். தூங்கும் பிள்ளையைப் பார்த்தார். காலித் தட்டைப் பார்த்தார்.

"பூராத்தையும் தின்னுட்டியா புள்ள?"

"ம்."

"பாத்தியா? பெரிய சுறா பெரிய சுறாதான்."

மறுநாள் வார்ஃப் முழுக்கச் சொல்லிவிட்டார். அதன்பின் குவார்ட்டர்ஸில் எவளுக்குப் பிள்ளை பிறந்தாலும் இவர் தூண்டிலோடு கிளம்பினார். மூன்று பேர் அந்தப் புட்டைத் தின்றார்கள். நான் வாய் திறக்கவில்லை.

இரண்டாவது பிள்ளை பிறந்தது. இந்தத் தடவை இவர் குளிக்கப் போகவில்லை. தட்டை வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

முழுவதும் தின்றேன்.