மண்ணுக்கு ஒரு சட்டை

பலகையில் குத்தவைத்து உட்கார்ந்து, உரத்துக்காக விதைத்த சணப்பை அறுத்துக்கொண்டிருந்தார் செல்வலட்சுமி. பாத்திக்கு இரண்டு பக்கமும் செங்கல், குறுக்கே பலகை. கால் மண்ணில் படக்கூடாது. பலகையில் வேறு யாரும் ஏறவும் கூடாது. கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. எங்கள் தெருப் பெண்களுக்கெல்லாம் ஜாக்கெட் தைப்பவர் இவர்தான். தோட்டத்துக்கு வந்தாலும் டேப்பைக் கழற்ற மாட்டார், சணப்புக்கும் அளவு எடுப்பார்.

“இடுப்பளவு வந்துட்டு அண்ணாச்சி. மொட்டு வைக்கதுக்கு முன்ன அறுத்திரணும்” என்றார், பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம். வேர் மண்ணிலேயே இருக்கும். அறுத்த தழை அங்கேயே விழும். அதன்மேல் சோளத்தட்டை, கடலைத்தோடு. மார்கழிப் பனியில் எல்லாம் நனைந்து மக்கும். தை பிறந்ததும் விரலால் ஒரு குழி, அதில் ஒரு கத்தரி நாற்று. அவ்வளவுதான் விவசாயம்.

“கொத்த வேண்டாமா?” என்று ஒருநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டேன்.

“மண்ண அம்மணமா வெயில்ல போட்டா வெடிக்காம என்ன செய்யும்? அதுக்குச் சட்டை போட்டுருக்கேன். உங்க சட்டைய ஒருத்தன் வருசா வருசம் உரிச்சா சும்மா இருப்பியளா?” என்றார். சொல்லும்போதே என் காலர் நைந்திருந்ததையும் பார்த்துவிட்டார். நான் பேச்சை மாற்றினேன்.

இதெல்லாம் படித்து வந்ததல்ல. ஒரு வருஷம் கொத்த ஆள் கிடைக்கவில்லை, எல்லாரும் தீப்பெட்டி ஆபீசு வேலைக்குப் போய்விட்டார்கள். மெஷின் மிதித்து இடுப்பு போன இவரால் குனிந்து கொத்த முடியாது. அப்படியே விட்டார். கத்தரி காய்த்தது. அன்றைக்குப் பிடித்த பிடிவாதம்.

போன வருஷம் கோட்டைவிட்டார். சணப்பு மஞ்சளாகப் பூத்து நின்றது. “எவ்ளோ அழகா இருக்கு, எப்படி அறுக்க?” என்று தள்ளிப்போட்டார். தண்டு கயிறாக முற்றி, மக்காமல் கிடந்தது. உரம் கிடைக்காமல் நாற்றெல்லாம் வெளிறிப்போயிற்று.

அதைப் பார்த்துவிட்டார் செல்வலட்சுமியின் அண்ணன் சங்கரபாண்டி. கயத்தாறு பக்கம் பருத்தி போடுபவர். இந்த இடம் அப்பா விட்டுப்போனது, இருவருக்கும் பொது. செருப்புக் காலோடு பாத்திக்குள் நடந்தார். தங்கை சத்தம் போட்டார்.

“ஏட்டி, வெள்ளாம நிக்க காட்டுலதான் செருப்பக் கழத்தணும். இது தரிசுலா. உழாத காடு நம்ம குடும்பத்துல உண்டா? அடுத்த தை கடைசில வாரேன். அப்பயும் இப்படிக் கெடந்தா டிராக்டர விட்டு உழுது பருத்தி போட்டுருவேன்.”

அதிலிருந்து இவருக்கு நிம்மதி போயிற்று. ஊசியில் நூல் கோக்கும்போதும் கண் கொல்லைப்பக்கம்தான். வாய்த் துடுக்குக்காரிதான், ஆனாலும் இவர் தோற்றுவிடக் கூடாதே என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

தை கடைசியில் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, மறுநாள் தோளில் மண்வெட்டியோடு வந்து இறங்கினார் அண்ணன். டிராக்டர் தெருமுனையில் நிற்கிறதாம். வேலிக்கு வெளியே கரிசல் விரல் நுழையும்படி வெடித்துக் கிடந்தது. உள்ளே கத்தரி கரும்பச்சையாக நின்றது. ஒரு பூகூட இல்லை.

“காய் எங்கட்டி?”

“அதுக்குள்ள எப்படிண்ணே காய்க்கும்? கைய விட்டுப் பாருங்க.”

ஓரத்தில் நின்றபடி குனிந்து, தட்டையை ஒதுக்கிக் கையை நுழைத்தார். விரல்கள் முழுதும் இறங்கின. அள்ளிப் பிடித்தார். மண் உதிராமல் உருண்டையாக நின்றது.

“தண்ணி பாச்சுனியோ?”

“நட்ட அன்னைக்கு ஊத்துனதுதான்.”

அண்ணன் அந்த உருண்டையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். கடைசி வரிசைச் செடியை எட்டி எட்டிப் பார்த்தார். செல்வலட்சுமி பலகையை அவர் பக்கம் நகர்த்திப் போட்டார்.

ஏறப்போன சங்கரபாண்டி நின்றார். மண்வெட்டியை வேலியில் சாத்தினார். பிறகு செருப்பைக் கழற்றினார்.