குறை ஏதுமில்லை என்று எழுதிய கை

லிஃப்ட் மெக்கானிக் ஓய்வு பெற்ற இருபத்தாறாம் நாள், புது இன்ஷூரன்ஸ் அட்டை தபாலில் வந்தது. அதோடு அவர் நிரப்பி அனுப்பிய படிவத்தின் நகலும் இருந்தது. அவர் மனைவி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நாலாம் பக்கத்தை இரண்டு முறை படித்தாள்.

"என்னங்க, எனக்கு எப்ப குணமாச்சு?"

"என்னது?"

"நீங்கதான் எழுதியிருக்கீங்க. பாருங்க."

மனைவிக்கு உள்ள நோய், குறை என்ற கட்டத்தில் அவருடைய அச்சுக் கோத்த மாதிரியான எழுத்து: குறை ஏதுமில்லை.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஏமாற்ற நினைத்து எழுதியதல்ல. முப்பத்தாறு வருடம் கட்டிடம் கட்டிடமாக ஏறி, கயிறு, பிரேக், கதவு எல்லாம் சோதித்து, பராமரிப்புப் புத்தகத்தின் கடைசிக் கட்டத்தில் அதையேதான் எழுதி வந்திருக்கிறார். நாளுக்கு ஏழெட்டு முறை. கட்டத்தைப் பார்த்ததும் கை தன் பாட்டுக்கு எழுதிவிட்டது.

அவளுக்கு இதயத்தில் ஒரு வால்வு கசிகிறது. இரண்டு வருடத்துக்குள் மாற்றியாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேலையில் இருந்தவரை கம்பெனி காப்பீடு இருந்தது. ஓய்வுக்குப் பின் முப்பது நாளுக்குள் அதையே சொந்தப் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். பிரீமியம்தான் இரண்டு மடங்கு. அவள் தம்பி பாதி விலைக்கு வேறொன்றைக் கொண்டுவந்தான். பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே உண்டு என்று ஏஜென்ட் சொன்னதாகச் சொன்னான். மச்சான் வாக்கை நம்பி அவரும் கையெழுத்துப் போட்டார்.

இப்போது தம்பியையும் வரவழைத்து, அட்டையோடு வந்த சின்னப் புத்தகத்தை மூவரும் உட்கார்ந்து படித்தார்கள். படிவத்தில் சொன்ன பழைய நோய்க்கு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். சொல்லாத நோய் தெரியவந்தால் பாலிசியே செல்லாது.

தம்பி தலையைச் சொறிந்தான். "விடுங்க மாமா. கொஞ்ச நாள் கழிச்சு, திடீர்னு வந்துச்சுன்னு சொல்லிக்கலாம்."

"பதினோரு வருஷமா மாத்திரை முழுங்கறேன்," என்றாள் அக்கா. "முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கச் சொல்றியா?"

"எல்லாரும் அப்படித்தாங்கா பண்றாங்க."

"பண்ணட்டும். மாட்டிக்கிட்டா ஆஸ்பத்திரில படுத்திருக்கப் போறது நான். நீ ஆரஞ்சு வாங்கிட்டு வந்து பாத்துட்டுப் போயிடுவே. அதுவும் ரெண்டே ரெண்டு."

அவன் சிரிக்கப் பார்த்தான். மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, புத்தகத்தை மூடி வைத்தான்.

மதியமே கணவனும் மனைவியும் பழைய காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனார்கள். கவுண்டரில் இருந்த பெண் தேதியை விரல்விட்டு எண்ணினாள். "இன்னும் நாலு நாள் இருக்கு சார். முப்பத்தொண்ணாம் நாள் வந்திருந்தா நானே நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

பிரீமியத்தை எழுதிக் காட்டினாள். ஓய்வூதியத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி குரலைத் தாழ்த்தினாள். "ரொம்ப ஜாஸ்தியா இருந்தா வேணாங்க. மாத்திரையிலயே ஓட்டிக்கலாம்."

"சும்மா இரு."

படிவத்தை வாங்கினார். நோய்க் கட்டம் வந்ததும் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார். "நீ சொல்லு, நான் எழுதறேன்."

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எந்த மாத்திரை, எத்தனை வேளை, எந்த வருடம் முதல் மூச்சு வாங்கியது. கட்டம் போதாமல் ஓரத்தில் எழுதினார். இத்தனை வருடத்தில் அவள் இதையெல்லாம் ஒருசேரச் சொல்லி அவர் கேட்டதில்லை.

அந்தப் பெண் முத்திரை வைத்தாள். "இடைவெளி இல்லாம பழசே தொடரும். ஆபரேஷன் எப்ப வேணா பண்ணிக்கலாம்மா. புதுசை ரத்துபண்ணச் சொல்லி மறக்காம எழுதிக் குடுத்துடுங்க."

வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து அவர் மருத்துவமனைக்குப் போன் போட்டார். அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி இடம் இருக்கிறது என்றார்கள். போனைக் கையால் மூடிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

இத்தனை நாளும் டாக்டர் கேட்டபோதெல்லாம், "அவர் ரிட்டயர் ஆகட்டும், இன்ஷூரன்ஸ் முடிவாகட்டும்" என்று தள்ளிக்கொண்டே வந்தவள் அவள். இனிச் சொல்லச் சாக்கு எதுவும் மிச்சமில்லை. மடியில் வைத்திருந்த ரசீதை நாலாக மடித்தாள்.

"பயமா இருக்குங்க," என்றாள்.

"எனக்கும்தான்."

"சரி, ஒன்பதாம் தேதியே வெச்சுக்கலாம்னு சொல்லுங்க."

அவர் கையை எடுத்துவிட்டு, போனில் சொன்னார்.